வாசிப்புக் கற்பித்தல் பயிற்சி: ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

சான்றுகளின் அடிப்படையில் வாசிப்பைக் கற்பிக்க ஆசிரியர்களைத் தயார்செய்யும் இணையவழிப் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கையில் வலியுறுத்திய ஒலியன் உணர்வு (சொல்லில் உள்ள தனித்தனி ஒலிகளைப் பிரித்தறிதல்), எழுத்து-ஒலித் தொடர்பு, சரளம், சொல்வளம், பொருளுணர்தல் ஆகிய ஐந்தையும் சுற்றியே பாடங்கள் அமைந்துள்ளன.

என்னை மிகவும் மாற்றியது இரண்டாவது பகுதி. படத்தைப் பார்த்தோ முன்பின் சொற்களைக் கொண்டோ ஒரு சொல்லை ஊகிக்கும்படி குழந்தையைத் தூண்டுவது, எழுத்துகளை ஒலியாக்கிக் கூட்டிப் படிக்கும் திறனை வளரவிடாது என்பதை, தடுமாறும் ஒரு குழந்தையின் வாசிப்பை வரிவரியாகக் கேட்கச்செய்து பயிற்றுநர் விளக்கியபோது, இத்தனை ஆண்டுகளாக நானும் அப்படித்தானே தூண்டினேன் என்று மனம் கனத்தது. சரளம் பற்றிய பாடமும் பயனுள்ளதே.

ஆனால் எடுத்துக்காட்டுகள் அனைத்தும் ஆங்கிலம் சார்ந்தவை. தமிழில் உயிர்மெய் எழுத்துகள் மட்டுமே 216. ககரம் ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ ஆகிய சொற்களில் வெவ்வேறாக ஒலிக்கிறது. ‘கொ’ என்பதில் கொம்பும் காலும் மெய்யின் இருபுறமும் நிற்கின்றன. இவற்றை எந்த வரிசையில் கற்பிப்பது என்பதை ஆசிரியரே வகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது. கற்றதை வகுப்பில் செய்துகாட்டி, அனுபவமுள்ள ஒருவரிடம் திருத்தம் பெறும் வாய்ப்பையும் இப்பயிற்சி தரவில்லை. அதைச் சேர்க்குமாறு அமைப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன்.