அடிதாங்கும் கையுறைகள்: விரல்முட்டியைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் பட்டறைகளிலும் ஜூரோங் தீவின் சுத்திகரிப்பு ஆலைகளிலும் பாரம் தூக்குவோர், குழாய் பொருத்துவோர் கைகளில் இப்போது இரண்டு வகைக் கையுறைகளைக் காணலாம். ஒன்று, பருத்தி நூலில் பின்னி உள்ளங்கையை ரப்பரில் தோய்த்தெடுத்த, டஜன் கணக்கில் வாங்கிச் சீக்கிரமே குப்பையில் போடும் சாதாரணக் கையுறை. மற்றொன்று, புறங்கை முழுவதும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் தடித்த ரப்பர் பட்டைகள் பதித்த, வேலையிடத்தில் எல்லாரும் ‘இம்பேக்ட் கிளவுஸ்’ என்று சொல்லும் அடிதாங்கும் கையுறை. பாரம் தூக்கும் ரிக்கர்களும் குழாய் பொருத்தும் பைப் ஃபிட்டர்களும் கொண்ட எங்கள் சிறிய குழுவுக்காக இந்த இரண்டாம் வகையில் மூன்று மாதிரிகளை ஜாலான் புசார் வட்டாரத்து வன்பொருள் கடை ஒன்றில் வாங்கிச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். மூன்றும் விரல்முட்டிகளை நன்றாகவே காக்கின்றன. ஆனால் விரல்களின் மேல்பகுதியையும் கட்டைவிரலையும் பொருட்படுத்தி வடிவமைக்கப்பட்டது ஒன்றுதான் என்பது என் முடிவு. வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுவே.

இதற்குக் காரணம் வேலையின் தன்மையில் இருக்கிறது. ஸ்பேனர் வழுக்கினால்தான் விரல்முட்டி இரும்பில் மோதும். குழாய் நுனிகளில் உள்ள வளையத் தட்டுகளான இரண்டு ஃபிளாஞ்சுகளின் துளைகளை ஒன்றுசேர்க்கும்போதும், பாரத்தைக் கயிற்றோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷாக்கிளின் பின்னைத் தள்ளும்போதும், கிரேன் இறக்கும் பாரத்தின் அடியில் மரக்கட்டையைச் சரிசெய்யும்போதும், ஒருவர் பிடித்திருக்கும் ஸ்பேனரை மற்றொருவர் சம்மட்டியால் அடிக்கும்போதும் நசுங்கும் அபாயத்தில் இருப்பவை விரல்களே. கடையில் கையுறையைத் திருப்பிப் பார்க்கும்போது நம் கண்ணில் முதலில் படுவதோ முட்டியின் மேல் மேடாக நிற்கும் பெரிய பட்டை. அந்தப் பட்டையின் கனத்தைக் கண்டு பணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

பட்டை இருப்பதாலேயே ஒரு கையுறை சோதிக்கப்பட்டதாகிவிடாது. ஐரோப்பியத் தரமான இஎன் 388, கையுறையின் மீது சுத்தியல் படம் போட்ட ஒரு கேடயத்தையும் அதன் கீழ் சில எண்களையும் எழுத்துகளையும் அச்சிடச் சொல்கிறது. முதல் நான்கு இடங்களும் முறையே தேய்மானம், வெட்டு, கிழிசல், துளைப்பு ஆகியவற்றுக்கு உரியவை. வெட்டுக்கு மட்டும் அதிகபட்ச மதிப்பு 5, மற்ற மூன்றுக்கும் 4. ஐந்தாம் இடத்தில் ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்து ஒன்று வரும். அது வேறொரு முறையில் செய்யப்பட்ட வெட்டுச் சோதனையின் மதிப்பு. ஆறாம் இடத்தில் பி (P) என்ற எழுத்து இருந்தால் மட்டுமே அந்தக் கையுறை அடிதாங்கும் சோதனையில் தேறியது என்று பொருள். இந்தச் சோதனை 2016-இல் வந்த திருத்தத்தில்தான் சேர்க்கப்பட்டது. ஆகவே கேடயத்தின் கீழ் நான்கு எண்கள் மட்டுமே அச்சிடப்பட்ட பழைய இருப்பு கையில் கிடைத்தால், புறங்கைப் பட்டை எவ்வளவு முரட்டுத்தனமாகத் தோன்றினாலும் அதை அலங்காரமாகவே கருத வேண்டும். இரண்டாம் இடத்தில் எக்ஸ் என்று இருப்பதைக் கண்டு பலர் தயங்குகிறார்கள். அது குறை அல்ல. வெட்டைத் தாங்கும் இழைகள் பழைய சோதனையின் சுழலும் கத்தியை மழுங்கடித்து முடிவைக் குழப்பிவிடுவதால், அந்த இடத்தை விட்டுவிட்டு ஐந்தாம் இடத்து எழுத்தை நம்புகிறார்கள்.

பி என்ற எழுத்துக்கும் எல்லை உண்டு. விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. இஎன் 388-இன் அடிச்சோதனை விரல்முட்டிப் பகுதியில் மட்டுமே நடத்தப்படுகிறது. விரல்களில் அது நடத்தப்படுவதில்லை. தேறியது, தேறவில்லை என்ற இரண்டே முடிவுகள். இடைப்பட்ட தரவரிசை கிடையாது. அமெரிக்காவில் 2019-இல் வெளிவந்த ஆன்சி/ஐசியா 138 என்ற தரம் இந்தக் குறையை ஓரளவு சரிசெய்கிறது. அது முட்டிகளோடு விரல்களையும் கட்டைவிரலையும் சோதித்து, கைக்குள் ஊடுருவும் விசையைப் பொறுத்து மூன்று நிலைகளைத் தருகிறது: முதல் நிலைக்குச் சராசரியாக 9 கிலோநியூட்டன், இரண்டாம் நிலைக்கு 6.5, மூன்றாம் நிலைக்கு 4 என்பன மேல்வரம்புகள். முட்டியும் விரலும் வெவ்வேறு மதிப்பு பெற்றால் குறைந்த மதிப்பே கையுறையின் நிலையாக அறிவிக்கப்படும் என்பதால், முட்டியில் கனத்த பட்டையை வைத்து விரலில் சிக்கனம் பிடிக்கும் தயாரிப்பாளர் இங்கே மாட்டிக்கொள்வார். நாங்கள் வாங்கிய மூன்றில் இரண்டு கையுறைகளில் ஐரோப்பியக் குறி மட்டும் இருந்தது. ஒன்றில் இரண்டு குறிகளும் இருந்தன, அமெரிக்கத் தரத்தில் இரண்டாம் நிலை.

இரண்டு தரங்களிலும் மோதும் ஆற்றல் 5 ஜூல்தான். இரண்டரைக் கிலோ எடை 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு அது சமம். பத்துக் கிலோ ஃபிளாஞ்ச் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஏறத்தாழ 100 ஜூல், அதாவது இருபது மடங்கு. இதைக் குழுவில் உள்ள இளைஞர்களுக்கு வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் கணக்குப் போட்டே காட்ட வேண்டியிருக்கிறது. புதுக் கையுறை போட்டதும் பாரத்தைக் கையால் தள்ளத் துணிகிறவர்கள் உண்டு. தொங்கும் பாரத்தைத் தள்ளுவதற்குக் கோலும் திருப்புவதற்கு டேக் லைன் கயிறும் இருக்கின்றன. எந்த நிலைக் கையுறையும் அவற்றுக்கு மாற்று ஆகாது.

மெக்கானிக்ஸ், அயர்ன்கிளாட், ஆன்செல், ஹெக்ஸ்ஆர்மர் போன்ற பெயர்கள் சிங்கப்பூரில் அறிமுகமானவையே. ஆனால் ஒரே பெயரில் தாங்கும் திறன் வேறுபட்ட பல மாதிரிகள் விற்கப்படுவதால், பெயரை விடுத்து வகையைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலாவது, மெக்கானிக் வகை: செயற்கைத் தோலில் உள்ளங்கை, மணிக்கட்டில் வெல்க்ரோ பட்டை, புறங்கையில் ரப்பர் முட்டிக்காப்பு. கையோடு ஒட்டி உட்கார்கிறது. நட்டையும் வாஷரையும் கையுறையைக் கழற்றாமலே எடுக்க முடிகிறது. வால்வு பழுதுபார்க்கும் எங்கள் ஃபிட்டர் இதைத் தவிர வேறெதையும் இப்போது தொடுவதில்லை. ஆனால் நாங்கள் வாங்கிய மாதிரியில் விரல்களின் மேல் சிறு சிறு பட்டைகள் நடுக்கணுவோடு நின்றுவிடுகின்றன. கட்டைவிரலில் ஒன்றுமே இல்லை. எண்ணெய் பட்ட குழாயில் செயற்கைத் தோல் வழுக்குகிறது. வெல்க்ரோ பட்டையின் நுனி எஃகுக் கயிற்றின் பிசிறில் மாட்டிக்கொள்வதும் உண்டு. ரிக்கர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, பின்னல் வகை: வெட்டைத் தாங்கும் பாலிஎத்திலீன் இழையில் பின்னி, உள்ளங்கையில் மணல்போன்ற சொரசொரப்புள்ள நைட்ரைல் பூசி, புறங்கையில் ரப்பர் பட்டைகளைத் தைத்தது. 4, எக்ஸ், 4, 3, சி, பி என்பது இதன் குறி. அமெரிக்கக் குறியும் இருந்தது இதில்தான். பட்டைகள் துண்டு துண்டாகப் பிரிந்து நகத்தின் விளிம்புவரை செல்கின்றன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவேயுள்ள வளைவுக்கும் தனி ஒட்டு உண்டு. ஒரே பட்டையாக வார்த்த முட்டிக்காப்பு கையை மடக்கும்போது எதிர்த்து நிற்கும், மதியத்துக்குள் முன்கை களைத்துவிடும். துண்டுகளாகப் பிரித்த இந்த அமைப்பில் அந்தத் தொல்லை குறைவு. எண்ணெயிலும் மழையிலும் பிடிமானம் மூன்றில் இதற்கே சிறப்பு. மஞ்சள் பட்டைகள் சிக்னல்மேனின் கைச்சைகையைக் கிரேன் ஓட்டுநருக்குத் தூரத்திலிருந்தே தெளிவாகக் காட்டுவது நாங்கள் எதிர்பார்க்காத நன்மை.

இதன் குறைகளும் சிறியவை அல்ல. அந்த இழை சுமார் 145 பாகை செல்சியஸில் உருகிவிடும். கிரைண்டர் பொறி தெறிக்கும் இடத்திலும் வெல்டிங் செய்த சூடான குழாயிலும் இதைப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. துளைப்புக்கு 3 என்ற மதிப்பைப் பார்த்துவிட்டு எஃகுக் கயிற்றை அப்படியே பற்றுவதும் தவறு. அந்தச் சோதனை 4.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள முள்ளால் செய்யப்படுகிறது. கயிற்றில் அறுந்து நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கம்பி பின்னலின் கண்ணுக்குள் எளிதாக நுழைந்துவிடும்.

கயிற்று வேலைக்கு மூன்றாவது வகைதான் ஏற்றது: ஆட்டுத்தோலில் தைத்து, உள்ளே வெட்டுத்தாங்கும் துணி வைத்து, புறங்கையில் ரப்பர் பட்டைகள் பதித்த தோல் கையுறை. நீண்ட, தளர்வான மணிக்கட்டுப் பகுதியைக் கொண்டது. கையுறை எங்காவது சிக்கினால் கையை உருவிக்கொள்ளலாம் என்பதே அந்தத் தளர்ச்சியின் நோக்கம். இதில் விரல்காப்பு சுமார். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையை முழுக்கக் குடித்துவிட்டு, மறுநாள் காலையில் வெயிலில் காய்ந்த அப்பளம்போல் விறைத்துக் கிடக்கும். இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டால்தான் சமாளிக்க முடியும். விலையும் அதிகம் என்பதால் இது எல்லாருக்கும் கொடுக்கக்கூடியதாக இல்லை.

அளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல கையுறையையும் கெடுப்பது அதுவே. கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையின் சுற்றளவை அளந்தால் 203 மில்லிமீட்டர் வந்தால் 8-ஆம் அளவு, 229 வந்தால் 9, 254 வந்தால் 10. குத்தகையாளர்கள் மொத்தமாக வாங்கும்போது எல்லார் கைக்கும் நுழையட்டும் என்று 10-ஐயே எடுத்து வந்துவிடுகிறார்கள். எங்கள் குழுவில் பெரும்பாலோருக்கு 8 அல்லது 9 போதும். பெரிய கையுறையில் விரல்நுனிக்கு அப்பால் வெறுமையாக நிற்கும் துணி, ஷாக்கிள் பின்னுக்கும் துளைக்கும் இடையில் முதலில் சிக்குகிறது. சிக்கிய துணி விரலையும் உள்ளே இழுக்கிறது. அதோடு, பட்டைகள் கணுவின் மேல் உட்காராமல் பக்கவாட்டில் நகர்ந்துவிடுவதால், சோதனைக்கூடத்தில் அளந்த பாதுகாப்பு வேலையிடத்தில் கிடைப்பதில்லை. கடையில் போட்டுப் பார்க்கும்போது கையை விரித்து வைத்துப் பார்ப்பதைவிட, ஒரு ஸ்பேனரை இறுகப் பிடித்துப் பார்ப்பதே சரியான சோதனை. பிடித்த நிலையில் பட்டைகள் கணுக்களின் மேல் இருக்கின்றனவா, விரலிடுக்கில் தையல் அறுக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

துவைப்பதற்குச் சாதாரண நீரும் மிதமான சோப்பும் போதும்; பிளீச் சேர்த்தால் தையல் நூலும் ரப்பரும் கெடும். தங்கும்விடுதியில் துணியோடு சேர்த்து உலர்த்தும் இயந்திரத்தில் போட்ட ஒரு ஜோடியில் பட்டைகளின் ஓரம் சுருண்டுவிட்டது. நிழலில், விரல்கள் கீழ்நோக்கித் தொங்குமாறு மாட்டி வைப்பது நல்லது. டிசம்பர் மழைக்காலத்தில் ஒரே இரவில் காயாது. பட்டைகளைத் தைக்காமல் ஒட்டி மட்டும் வைத்த மலிவு மாதிரிகளும் அந்தக் கடையில் இருந்தன. விரலால் நெம்பிப் பார்த்தபோதே ஓரம் பெயர்ந்ததால் அவற்றை வாங்கவில்லை.

சுழலும் டிரில், லேத் போன்ற இயந்திரங்களில் எந்தக் கையுறையும் வேண்டாம். இவை மின்சாரத்தையோ அமிலத்தையோ தடுப்பவையும் அல்ல. அவற்றுக்குத் தனி வகைகள் இருக்கின்றன.

விலையைப் பொறுத்தவரை, அந்தக் கடையில் மெக்கானிக் வகை ஒரு ஜோடி 20 வெள்ளிக்கும் பின்னல் வகை 25 வெள்ளிக்கும் கிடைத்தன. தோல் வகைக்கு 40 வெள்ளியை நெருங்கியது. பருத்திக் கையுறையோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகைதான். ஆனால் வேலைக்குத் தேவையான பாதுகாப்புச் சாதனங்களுக்காக ஊழியரின் சம்பளத்திலிருந்து பணம் பிடிக்க முதலாளிக்கு அனுமதி இல்லை என்பது 2006-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் உள்ளது. தன் காசில் முஸ்தபா கடையில் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வரும் தம்பிகள் இதை மேற்பார்வையாளரிடம் தயங்காமல் கேட்கலாம். குழுவுக்கு ஒரே வகையை வாங்க வேண்டிய கட்டாயம் இருந்தால் பின்னல் வகையை வாங்குங்கள். கயிற்றைக் கையாளும் ஓரிருவருக்கும் சூடான வேலை பார்ப்பவருக்கும் மட்டும் தோல் வகையைத் தனியே எடுத்துக்கொள்ளலாம்.

கடையைப் பற்றியும் ஒரு சொல். உரிமையாளர் தரச் சான்றிதழ்களைக் கேட்டவுடன் கணினியில் எடுத்துக் காட்டினார். கசங்காத ஜோடிகளுக்கு அளவு மாற்றியும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூட்டம் அதிகமாக இருப்பதால், போட்டுப் பார்த்து வாங்க நினைப்பவர்கள் வார நாளில் போவது நல்லது. 9-ம் 10-ம் எப்போதும் இருப்பில் உள்ளன. 7, 8 ஆகிய அளவுகளை முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் வரவழைத்துத் தருகிறார்கள்.