விலையா, கியூஆர் பங்கீடா? 2022 இலங்கை எரிபொருள் நெருக்கடி

டொலர் இல்லை, எண்ணெய்க் கப்பல் வரவில்லை. இருக்கிற கொஞ்சத்தை எப்படிப் பகிர்வது? அரசாங்கம் முதலில் போனது விலை வழியே. வருடத் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ஆனது. விலை ஏறினால் தேவையில்லாத ஓட்டம் குறையும், திறைசேரிக்கும் மூச்சு வரும், சரி. ஆனாலும் வரிசை குறையவில்லை, ஏனென்றால் தாங்கியில் எண்ணெயே இல்லாதபோது விலை என்னவாக இருந்தால்தான் என்ன, காசுள்ளவன் கறுப்புச் சந்தையில் வாங்கினான், ஓட்டோ ஓட்டுபவர் இரவெல்லாம் வீதியோரம் படுத்துக் கிடந்தார்.

அப்புறம் ஜூலையில், வாகனத்துக்குரிய கிழமைப் பங்கை மட்டும் காட்டி வாங்கும் கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. ஓட்டோவில் பிழைப்பவருக்கு 5 லீற்றர் எந்த மூலைக்கு? அது பெரிய குறைதான். ஆனால் தன் பங்கு தனக்குக் கிடைக்கும் என்று தெரிந்ததும் பதுக்கலும் பதற்றமும் அடங்கின, சில கிழமைகளில் கிலோமீற்றர் கணக்கான வரிசைகள் கரைந்தன.

எனக்குப் பங்கீடுதான் நியாயமாகப் படுகிறது. விலை மட்டும் என்றால் அடி எங்கே விழும் என்பதை மண்ணெண்ணெயில் பார்த்தோமே: அதே வருட ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340. வடக்கில் சின்னப் படகுக்காரர் பலர் அதை ஊற்றித்தான் கடலுக்குப் போகிறவர்கள். விலையை ஏற்றியே ஆகவேண்டும் என்றால், அவர்களுக்கான மானியத்தை அன்றைக்கே கையில் கொடுத்திருக்க வேண்டும்.