காதர்பேட்டைல பாப்பாவுக்கு எடுத்த ஆரஞ்சு ஜெர்சி
என்ற பொண்ணு ஸ்கூல்ல 1500 மீட்டர் ஓடறாளுங்க, அவளுக்கு ஓட்டப்பந்தய வீராங்கனை சிஃபான் ஹசன்னா உசுரு, ஹசன் பொறந்தது எத்தியோப்பியா, 15 வயசுல அகதியா நெதர்லாந்து போயி, 2013ல குடியுரிமை கெடச்சு, அந்த நாட்டுக்காகவே ஓடி 2024 பாரிஸ் மாரத்தான்ல தங்கம் வாங்குச்சு. அதான் திருப்பூர் காதர்பேட்டைல ஒரு சின்ன கடைல முதுகுல ஹசன்னு பிரிண்ட் போட்டு ஜெர்சி எடுத்தேன், 280 ரூவா. வெவரம் சொன்னதும் கடைக்கார அண்ணன் "நம்மூர்லயும் பாதிப்பேரு பொழைக்க வந்தவங்கதானுங்க"ன்னாரு, மனசுக்கு இதமா இருந்துச்சு. துணி நல்ல டிரைஃபிட், வேர்வைக்கு ஒட்டறதில்ல, நாலு தடவ தொவச்சும் எழுத்து உரியல. கழுத்துத் தையல் மட்டும் ஒரு பக்கம் பிரிஞ்சுது, கொண்டு போனதும் காசு வாங்காம ஓவர்லாக் அடிச்சுக் குடுத்துட்டாருங்க.