120 சாப்பாடு, 60 பெட்டி பேரீச்சம்பழம்: சமையல் ஆர்டர் எடுப்பவர்கள் படிக்கவும்

வீட்டில் சமைத்து ஆர்டர் எடுக்கும் அக்கா தங்கைகள் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 3,300 வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது, 120 பேருக்கு ஆக்கிய சோற்றுக்கும் கூலி இல்லை.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவில். 2007இல் பெயர் மாறினாலும் என் மாமியாருக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். வீட்டுக்காரர் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறார். நான் ஆறு வருடமாக வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு சமைக்கிறேன். பிறந்தநாள், கோயில் உபயம், இங்கே உள்ள யூனிசெல் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு, இப்படித்தான் ஓடுகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது. அழகான தமிழ். பக்கத்து ஊர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்றார், வார்த்தைக்கு வார்த்தை அக்கா. சனிக்கிழமை போட்டி விளையாட்டு, 120 பொட்டலம் நெய்ச்சோறு, கோழிப் பெரட்டல், டால்சா, அப்பளம், ஒன்று 8 வெள்ளி. பேரம் பேசவே இல்லை. பெரிய ஆர்டருக்குப் பேரம் பேசாத ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பள்ளி முத்திரையோடு எல்ஓ தாளும், அதாவது பள்ளி தரும் கொள்முதல் ஆணை, புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்தது. பார்த்தால் அச்சு அசல்.

புதன்கிழமைதான் இரண்டாவது கதை. பிள்ளைகளுக்குக் கொடுக்க 60 பெட்டி பேரீச்சம்பழம் வேண்டுமாம், வழக்கமான சப்ளையர் பெட்டி 55 வெள்ளிக்குத் தருவாராம், ஆனால் பள்ளி இரண்டு பேருக்குத் தனித்தனியாகக் காசு கொடுக்க முடியாதாம். "உங்க பில்லுலயே 75 வெள்ளின்னு போட்டுக்கங்க அக்கா, மிச்சம் உங்களுக்கு." 60 பெட்டிக்கு 1,200 வெள்ளி லாபம். கரண்டி பிடித்த கைக்கு அந்த மாதிரி காசு சும்மா வருமா? வரும் என்று நினைத்தேன். பொய் சொல்ல என்ன இருக்கிறது, ஆசைதான்.

வியாழன் சாயங்காலம் காசோலை போட்ட ரசீதின் படம் வந்தது, 5,460 வெள்ளி. சாப்பாட்டுக்கு 960, பழத்துக்கு 4,500, கணக்கு சரியாக இருந்தது. வங்கி செயலியைத் திறந்தால் மொத்த இருப்பில் அந்தத் தொகை நிற்கிறது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'அவைலபல் பேலன்ஸ்' என்று ஒரு வரி இருந்ததே, அதில் என் பழைய காசு மட்டும்தான் இருந்தது. நான் மேல் வரியைப் பார்த்தேன், கீழ் வரியைப் பார்க்கவில்லை. இயந்திரத்தில் யார் வேண்டுமானாலும் காசோலை போடலாம், அது மாறுவதற்கு ஒரு வேலை நாளாவது ஆகும், அதுவரை அந்த எண் வெறும் எண்தான். இது திங்கட்கிழமை வங்கி முகப்பில் ஒரு பெண் பொறுமையாக விளக்கிய பிறகுதான் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு ராத்திரியே சப்ளையர் மூன்று முறை கூப்பிட்டார், இன்றைக்குக் கட்டினால்தான் லோரியில் ஏற்றுவேன் என்று. வீட்டுக்காரர் தட்டில் கை வைத்துக்கொண்டே கேட்டார், "கம்பெனின்னு சொல்றான், கணக்கு ஏன் தனி ஆள் பேருல இருக்கு?" நான் அவர் மேல் எரிந்து விழுந்தேன். "நீங்க லோரிய பாத்துக்கங்க, என் யாவாரத்த நான் பாத்துக்குறேன்." அந்த ஒரு வாக்கியம் இப்போது எங்கள் வீட்டில் ரொம்பப் பிரபலம், உப்பு குறைந்தால்கூட என் மகள் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். கட்டிய 3,300, போன மாதம் எனக்கு விழுந்த கூட்டுக் காசு, பல பேர் மாதாமாதம் போட்டு ஆளுக்கொரு மாதம் மொத்தமாக எடுப்போமே, அந்தச் சீட்டுக் காசு. போலீசில் சேமிப்பு என்று மட்டும் சொன்னேன், கூட்டுப் பிடித்து நடத்துவதற்கு 1971இலிருந்து தடைச் சட்டம் இருக்கிறதாம், அதை வேறு யார் கிளறுவது.

வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்கச் சமையல். 14 கோழி. மாமியார் முழங்கால் வலியோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தார், மகளும் அவள் தோழியும் பொட்டலம் கட்டினார்கள். சனி காலை ஏழு மணிக்கு இரவல் வேனில் ஏற்றிக்கொண்டு போனால் பள்ளிக்கூட வாசல் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே திடலில் ஒரு மாடு மேய்கிறது. காவலாளி என்னையும் வேனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த மாசத்துல நீங்க ரெண்டாவது ஆளும்மா" என்றார். ஆசிரியருடைய போன் அடித்தது, அப்புறம் அடிக்கவில்லை.

அழுவதற்குக்கூட நேரமில்லை, சோறு சூடாக இருக்கிறது. மகள் யூனிசெல் பிள்ளைகளின் புலனக் குழுவில் 5 வெள்ளி என்று போட்டாள், பதினொரு மணிக்குள் 43 போனது. வீட்டுக்காரர் ஆலை வாசலில் நின்று முப்பதோ என்னவோ விற்றார். மிச்சத்தைத் தோட்டத்து லயத்துக்குக் கொண்டுபோனோம், நான் பிறந்த லயம், இப்போது அங்கே இருப்பது பெரும்பாலும் வங்காளதேசத்துப் பையன்கள். காசு வாங்க மனசு வரவில்லை. ஒருத்தன் டால்சாவை முகர்ந்து பார்த்துச் சிரித்தான், அம்மா சமையல் மாதிரி என்று மலாயில் சொன்னான்.

மத்தியானம்தான் 997க்கு அடித்தேன். மோசடிக்கென்றே உள்ள எண், 2022இலிருந்து இருக்கிறது. காசு போன உடனே அடித்தால் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள், நான் இரண்டு நாள் கழித்து அடித்தேன், அதற்குள் துடைத்து எடுத்துவிட்டார்கள். போலீஸ் நிலையத்தில் அந்த மாதிரி கணக்குக்கு 'அக்காவுன் கெல்டாய்' என்றார்கள், கழுதைக் கணக்கு. யாரோ கமிஷனுக்குத் தன் அட்டையை வாடகைக்கு விட்டிருப்பார். புகார் 420ஆம் பிரிவில் போனது. சின்ன வயதில் ஃபோர் ட்வென்டி என்று எத்தனை பேரைக் கிண்டல் செய்திருப்போம், அது இங்கேயும் நிஜமான பிரிவு, பத்து வருடம் வரை சிறையும் பிரம்படியும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆள் கிடைத்தால்தானே.

மகள் போலீசின் 'செமாக் மியூல்' பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தாள். ஏற்கெனவே நான்கு புகார். பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தெரியாத ஆளுக்குக் காசு போடுவதற்கு முன் கணக்கு எண், போன் எண் இரண்டையும் அதில் தட்டிப் பாருங்கள். பள்ளி, இராணுவ முகாம், எதன் பெயரைச் சொன்னாலும் அந்த அலுவலகத்து எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிடுங்கள், அவர்கள் தரும் எண்ணுக்கு வேண்டாம். சாப்பாட்டோடு வேறு பொருளையும் வாங்கித் தரச் சொன்னால் அங்கேயே வைத்துவிடுங்கள். நான் முன்பு உண்மையிலேயே ஒரு பள்ளிக்குச் சமைத்திருக்கிறேன், சாப்பாடு கொடுத்து மூன்று வாரம் கழித்துத்தான் காசு வந்தது. முன்கூட்டியே கொட்டிக் கொடுக்கும் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது?

திங்கட்கிழமை காசோலை திரும்பிவிட்டது, மூடிய கணக்காம். புகார் தாளை மாமியார் சாமி மாடத்தில் விபூதித் தட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார். கூட்டுக்கு 5ஆம் தேதி 300 வெள்ளி கட்ட வேண்டும், எட்டு மாதம் பாக்கி இருக்கிறது.