வேலந்தாவளம் தாண்டுனா டவர் மாறும், ஓடிபி திருப்பூருக்குப் போகும்

ஊருக்குப் போறவங்களுக்கு உதவும்னு எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. சிங்கப்பூர்ல இருந்து கோயமுத்தூர் ஏர்போர்ட்ல எறங்கி சாவடி, வேலந்தாவளம்னு வந்தா அம்மா ஊரு, கொழிஞ்சாம்பாறை பக்கம். கேரளாதான், ஆனா வீட்ல, தோட்டத்துல, மளிகைக் கடையில எல்லாம் நம்ம கொங்குத் தமிழ்தான், போர்டுலயும் கவர்மென்ட் மெசேஜ்லயும் மட்டும் மலையாளம்.

செக்போஸ்ட் பக்கம் வந்தா போனு எந்த மாநிலத்து டவர புடிக்கும்னு சொல்லவே முடியாது. முன்னாடி இது ஒரு பெரிய ரோதனை. கோயமுத்தூர் சிம்மு வெச்சிருந்தா மாமா வீட்டுக்குள்ள ரோமிங், வர்ற காலுக்கும் காசு புடுங்கிக்கும், அதனால யாராச்சும் கூப்புட்டா எந்திரிச்சு கெழக்கால வரப்புக்கு ஓடணும், அங்க தமிழ்நாட்டு டவர் ரெண்டு புள்ளி எடுக்கும். இந்தியாவுல 1995ல செல்போன் வந்தப்ப உள்ளூர்லயே வர்ற காலுக்கு காசுதான், 2003ல தான் அது நின்னுது, ஆனா எல்லையில இருக்கறவனுக்கு ரோமிங்னு இன்னும் பல வருசம் இழுத்துச்சு. 2016ல ஜியோ வந்து இந்தியா பூராவும் ரோமிங் கெடையாதுன்னதும் மத்த கம்பெனிகளும் வழிக்கு வந்தாங்க. இப்ப எங்க மாமா பசங்களுக்கு ரோமிங்னா என்னன்னே தெரியல.

அடுத்தது தேங்கா. காலையில மாமா காப்பி குடிக்கறதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப் குரூப்ப தெறந்துடறாரு, பொள்ளாச்சியில கருப்புக்காய் என்ன வெலை, பச்சைக்காய் என்ன வெலை, காங்கயத்துல கொப்பரை என்ன போகுதுன்னு எல்லாம் அதுல விழுது. "முன்ன ஏவாரி சொல்றதுதான் வெலை கண்ணு, இப்ப அவன் வண்டிய விட்டு எறங்கறதுக்குள்ள எனக்கு காங்கயத்து வெலை தெரியும்"னாரு. காய் வெட்டற ஆளுகளும் போன்லதான் புக்கிங், வெட்டுக்கு முந்தின நாளு வரைக்கும் இழுத்தடிச்சுட்டு அப்பறம் சுவிட்ச் ஆஃப் பண்ணிக்கறதும் போன்லதான்.

கேரளாவுல இது புதுசு இல்ல. 1997ல இருந்து 2001க்குள்ள கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு கரையோரமா செல்போன் டவர் வந்துச்சு. மத்தி புடிக்கறவங்க கடல்ல இருந்தே எந்தக் கரையில வாங்க ஆள் இருக்குன்னு கேட்டுட்டு படக திருப்புனாங்க. அதுக்கு முன்னாடி ஒரு கரையில மீனக் கொட்டிட்டுப் போவாங்க, பக்கத்துக் கரையில மீன் இல்லாம நிப்பாங்க. ராபர்ட் ஜென்சன்னு ஒரு பொருளாதார ஆராய்ச்சியாளர் இத அளந்து 2007ல எழுதுனாரு, மீன் வீணாகறது கிட்டத்தட்ட நின்னே போச்சு, மீனவருக்கு லாபம் சுமார் 8 சதவீதம் ஏறுச்சு, வாங்கறவங்களுக்கு வெலை 4 சதவீதம் எறங்குச்சுன்னு.

மாமாகிட்ட இதச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்த மீனுக்காரங்க யாருகிட்டயும் முன்பணம் வாங்கலியா?"ன்னாரு. ஏன்னா பக்கத்துத் தோட்டத்துக்காரர் போன மழைக்கு மோட்டார் மாத்த ஏவாரிகிட்டதான் காசு வாங்கியிருக்காரு. அவரும் அதே குரூப்லதான் இருக்காரு, அதே வெலையத்தான் பாக்கறாரு, ஆனா காயி அந்த ஏவாரி சொல்ற ரேட்டுக்குத்தான் போகும். வெலை தெரிஞ்சுக்கறதுக்கு போனு போதும், பேரம் பேசறதுக்கு கைல கடன் இருக்கக்கூடாது. இத எந்த ஆப்பும் சரி பண்ணல.

பணம் அனுப்பறது மட்டும் சொர்க்கம்ங்க. 2023 பிப்ரவரில சிங்கப்பூர்ல போன் நம்பருக்கே பணம் அனுப்பற பேநவ்வையும் நம்ம யூபிஐயையும் இணைச்சாங்கல்ல, அதுல இருந்து நான் எம்ஆர்டி ரயில்ல நின்னுட்டே அனுப்பறேன், மாமா தோட்டத்துல நின்னுட்டே வந்துடுச்சுங்கறாரு. அதே வருசம் வெளிநாட்டுல இருக்கறவங்க ஊர்ல வெச்சிருக்கற என்ஆர்ஈ, என்ஆர்ஓ பேங்க் கணக்க சிங்கப்பூர் நம்பர்லயே யூபிஐல சேத்துக்கலாம்னும் விட்டாங்க, ஆனா என் பேங்க் ஆப் ஊர்ல போயி செஞ்சா ஒவ்வொரு தடவையும் பாதியில நின்னுடுச்சு, பிராஞ்சுல கேட்டா அப்படி ஒண்ணு இருக்கான்னு என்னையே திருப்பிக் கேக்கறாங்க. பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் கள்ளுக்கடையில கூட க்யூஆர் ஒட்டியிருக்கு, நான் மட்டும் ஐநூறு ரூபா நோட்ட நீட்டிட்டு நிக்கறேன், டீக்கடைக்காரர் சில்லற இல்லன்னு என்னைப் பாத்த பார்வை இருக்கே! போறவங்க சிங்கப்பூர்ல இருக்கும்போதே இணைச்சு பத்து ரூபா அனுப்பிப் பாத்துட்டுக் கெளம்புங்க.

இப்ப முக்கியமான விஷயம். நெலம் அமுச்சி (அம்மாவோட அம்மா) பேர்ல இருக்கு, அதனால விவசாயிகளுக்கு மத்திய அரசு குடுக்கற பிஎம் கிசான் காசு, வருசத்துக்கு 6000, மூணு தவணையா, அமுச்சி கணக்குக்குத்தான் வரும். ஆதார் வெச்சு ஆள சரிபாக்கற இகேஒய்சி பண்ணாததால நின்னு போச்சுன்னு அக்ஷயா சென்டருக்கு, கேரளாவோட இ-சேவை மையம் அது, கூட்டிட்டுப் போனேன். அந்தப் பொண்ணு ரொம்பப் பொறுமை, அமுச்சி வெரல துணியில தொடச்சு, தண்ணி தொட்டு, ஒவ்வொரு வெரலா வெச்சுப் பாத்துச்சு, எதுவும் ஏறல. அறுவது வருசம் மட்டை உரிச்ச கை, ரேகை எங்க இருக்கும். சரி ஓடிபி போடலாம்னா ஆதார்ல இருக்கறது சின்ன மாமா நம்பரு, அவரு திருப்பூர் பனியன் கம்பெனில இருக்காரு, மெஷின் சத்தத்துல போனு கேக்கல. ஓடிபி டைம் முடிஞ்சுது. திரும்ப அனுப்புனோம், அதுவும் முடிஞ்சுது. எங்களுக்குப் பின்னாடி நின்னவங்களுக்கு வழி விட்டுட்டு பெஞ்சுல உக்காந்தோம். சாப்பாட்டு நேரத்துல சின்ன மாமாவே கூப்புட்டு ஆறு நம்பரையும் ஒவ்வொண்ணா கத்திச் சொன்னாரு, அமுச்சி அத வாங்கி அந்தப் பொண்ணுகிட்ட ஒப்பிச்சாங்க, முடிஞ்சுது.

எனக்கு கடுப்பு. காசு அமுச்சியோடது, கையும் அமுச்சியோடது, ஒத்துக்கற அதிகாரம் திருப்பூர்ல இருக்கற ஒரு போன்ல. நம்பர மாத்திடலாம் அமுச்சின்னேன். பட்டன் போனு வெச்சிருக்காங்க, ரீசார்ஜும் இருக்கு. அவங்க வெத்தலைய மடிச்சுட்டே, "என்ற போனுக்கு வந்தா நான் என்னத்தப் படிக்கப் போறேன் சாமி, அதுக்கும் எவனையாச்சும் தேடணும். அவனுக்கே போகட்டும், அந்த சாக்குலயாச்சும் மத்தியானம் ஒரு போனு போடறான்ல"ன்னாங்க.

அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா சின்ன மாமா துபாய் போக விசா பாத்துட்டு இருக்காரு, அந்த சிம்ம யாரு வெச்சுக்கறதுன்னு வீட்ல இன்னும் பேசல. ஆதார்ல நம்பர் மாத்தறதுக்கு அமுச்சிய நேர்லயே கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கோம். காய் வெட்டு முடியட்டும், அப்பறம் ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போறேன்னு பெரிய மாமா சொல்லியிருக்காரு. உங்க வீட்டுப் பெரியவங்க ஆதார்ல யாரோட நம்பர் இருக்குன்னு இந்த வாரமே கேட்டுப் பாருங்க.