ஸ்டாண்டு சரிசெய்ய அனுப்பிய கப்பல்கள் ஓட்டையோடு திரும்பி வந்தன

மேசை மீது ஆடும் போர் விளையாட்டுகளுக்கான விண்கப்பல் மினியேச்சர்களுக்கு (கையடக்க மாதிரிகளுக்கு) ஸ்டாண்டு செய்து தருவதாகவும், உடைந்த ஸ்டாண்டுகளைச் சரிசெய்து தருவதாகவும் இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒருவரிடம் பதினொரு கப்பல்களைக் கொடுத்து ஏமாந்துவிட்டேன். இங்கிலாந்தில் இந்தப் பொழுதுபோக்கு உள்ள தமிழர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவராவது பெட்டியைக் கட்டித் தபாலில் போடுவதற்கு முன் இதைப் படிக்க வேண்டும்.

என்னுடையவை 'பேட்டில்ஃப்ளீட் காத்திக்' கப்பல்கள். நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற நிறுவனம் 1999-இல் வெளியிட்ட ஆட்டம் அது. விற்பனை நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரு கப்பல் கெட்டுப்போனால் கடைக்குப் போய் வேறொன்று வாங்கிவிட முடியாது. யாராவது தம் பழைய சேகரிப்பை விற்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிக் கிடைத்தாலும், பத்து வருடமாக இரவு நேரங்களில் உட்கார்ந்து நான் தீட்டிய வண்ணம் அதோடு வராது.

இந்த ஆட்டத்தில் ஸ்டாண்டு வெறும் தாங்கி இல்லை. தூரத்தை அளப்பது கப்பலின் மூக்கிலிருந்தோ வாலிலிருந்தோ அல்ல, அதைத் தாங்கும் தண்டிலிருந்துதான். விதிப்படி தண்டு நிற்கும் இடமே கப்பல் இருக்கும் இடம். தண்டு சாய்ந்தால் ஆட்டமே சாய்கிறது. ஆனால் எப்போதும் முதலில் உடைவதும் அந்தத் தண்டுதான். மேலே கனமான உலோகக் கப்பல், கீழே மெல்லிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குச்சி. சட்டைக் கை பட்டால் போதும், கழுத்தில் முறிந்துவிடும். முறிந்த துண்டு கப்பலின் வயிற்றுத் துளைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

என்னிடம் அப்படி முறிந்தவை ஏழு உலோகக் கப்பல்கள், நான்கு பிளாஸ்டிக் கப்பல்கள். அவர் எழுதி அனுப்பிய உறுதிமொழி இன்னும் என்னிடம் இருக்கிறது. உலோகக் கப்பல்களுக்கு 3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி, மெதுவாக இறுகும் எபாக்ஸிப் பசை. பிளாஸ்டிக் கப்பல்களுக்கு அக்ரிலிக் தண்டு. கழற்றிப் பெட்டியில் வைக்க வசதியாக அந்தத் தண்டின் உச்சியில் ஒரு காந்தம், கப்பல் வயிற்றில் ஒரு காந்தம். எல்லாவற்றுக்கும் புது அக்ரிலிக் அடித்தட்டு, கவிழாமல் இருக்க அதன் அடியில் இரும்பு வாஷர். கப்பலுக்கு 9 பவுண்டு, தபால் செலவு 11 பவுண்டு, ஆக 110 பவுண்டு. கமிஷன் பிடிப்பார்கள் என்று காரணம் சொல்லி, பேபாலில் 'நண்பர்கள், குடும்பத்தினர்' வழியாகப் பணம் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். நான் செய்த முதல் தவறு அது. அந்த வழியில் போகும் பணத்துக்கு, வாங்குபவருக்கான பாதுகாப்பு எதுவும் கிடையாது.

மூன்று வாரம் என்றவர் பதினொரு வாரம் எடுத்துக்கொண்டார். நடுவில் நான் அனுப்பிய ஐந்து செய்திகளுக்கு ஒரே ஒரு பதில்: "வேலை நடக்கிறது." ஜனவரியில் பெட்டி வந்தது. பிரித்தபோது அக்காள் மகன் பக்கத்தில் இருந்தான். எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்தோம். முதல் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. மஞ்சள் கம்பிகள் விளக்கு வெளிச்சத்தில் மின்னின. ஒரு பிளாஸ்டிக் கப்பலை அவன் தண்டிலிருந்து கழற்றி, பக்கத்தில் நின்ற உலோகக் கப்பலின் அருகே கொண்டுபோனான். கப்பலின் வயிற்றிலிருந்த காந்தம் துள்ளிப் போய் அந்த மஞ்சள் கம்பியில் ஒட்டிக்கொண்டது.

"மாமா, பித்தளையில் காந்தம் ஒட்டுமா?"

ஒட்டாது. அரத்தை எடுத்து, கம்பியின் அடிப்பக்கம் ஓரிடத்தில் நான்கு இழுப்பு இழுத்தேன். மஞ்சள் பூச்சு உரிந்து உள்ளே சாம்பல் நிற எஃகு தெரிந்தது. எஃகு வலுவில் பித்தளைக்குக் குறைந்ததல்ல, இன்னும் விறைப்பானது என்பதை ஒத்துக்கொள்கிறேன். எஃகு என்று சொல்லிக் கொடுத்திருந்தால் சரி என்றிருப்பேன். பித்தளை என்று எழுதி, பித்தளைக்குப் பணம் வாங்கி, முலாம் பூசிய எஃகைச் செருகியிருந்தார். பூச்சு போன இடத்தில் அது துருப்பிடிக்கும்.

அதன் பிறகு ஒவ்வொன்றையும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உலோகக் கப்பல்களில் பழைய துண்டை எடுக்க டிரில்லை மோட்டாரில் மாட்டி ஓட்டியிருக்கிறார் போலிருக்கிறது. இந்த மினியேச்சர்கள் வெள்ளீயம் கலந்த மெத்தென்ற உலோகத்தில் வார்க்கப்பட்டவை. கையால் சுற்றும் சின்ன டிரில்லே போதும். எவ்வளவு ஆழம் போகலாம் என்று முனையில் ஒரு காகித நாடாவைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டு நிதானமாகத் துளைக்க வேண்டும். அவர் அப்படிச் செய்யவில்லை. இரண்டு கப்பல்களில் டிரில் வயிற்றில் நுழைந்து முதுகில் வெளியே வந்திருந்தது. ஒன்றில் அது வந்த இடம் கட்டளைக் கோபுரத்தின் நடு. அங்கே நான் ஒற்றை மயிர்த் தூரிகையால் வரைந்த ஜன்னல்கள் ஒன்பது இருந்தன. இப்போது நான்கு இருக்கின்றன. மீதி இடத்தில் ஓட்டை அடைக்கும் புட்டிப் பசையை அப்பி, அதன் மேல் பொருந்தாத ஒரு சாம்பல் வண்ணம் தடவியிருந்தார். இதைப் பற்றி ஒரு சொல் எனக்கு எழுதவில்லை. கைதவறுவது யாருக்கும் நடக்கும்; மறைத்து அனுப்பியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எபாக்ஸியும் பொய். எல்லா இணைப்புகளிலும் இருந்தது சூப்பர் க்ளூ. அது இறுகும்போது எழும் ஆவி அக்ரிலிக்கின் மேல் வெள்ளைப் படலமாகப் படியும். நான்கு தண்டுகளும் மூடுபனி பிடித்த ஜன்னல் கண்ணாடி போல வெளுத்திருந்தன. காந்தங்களில் துருவத்தைப் பார்த்தே வைக்கவில்லை. நான்கில் ஒரு கப்பல் தன் தண்டையே தள்ளிவிடுகிறது; எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. ஒட்டுவதற்கு முன் காந்தத்தின் ஒரு முகத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தாலே இது நேர்ந்திருக்காது. வாஷரோ ஒரு தட்டில்கூட இல்லை.

அடித்தட்டு விஷயத்தில் மட்டும் எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. தட்டுகளில் விரல் ரேகை படிந்திருந்ததால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்தேன். மறுநாள் காலை மூன்று தட்டுகளின் ஓரங்களில் சிலந்தி வலை போல மெல்லிய விரிசல்கள். லேசரால் வெட்டிய அக்ரிலிக்கின் ஓரங்களில் வெப்பத்தால் ஓர் இறுக்கம் தங்கிவிடும். மிதமான சூட்டில் சில மணி நேரம் வைத்து மெல்ல ஆறவிட்டால்தான் அது தணியும். தணியாத ஓரத்தில் ஆல்கஹால் பட்டால் விரிசல் விடும். ஸ்டாண்டு செய்வதே தொழில் என்பவர் தட்டோடு ஒரு துண்டுச் சீட்டாவது வைத்திருக்க வேண்டும். லேசரில் வெட்டிய எந்தத் தட்டையும் சோப்புத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள்.

படங்களோடு அவருக்கு எழுதினேன். உங்கள் கப்பல்கள் அளவுக்கு மீறிக் கனம் என்றார். கனம் என்பதால்தானே உங்களிடம் வந்தேன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பேபால் கைவிரித்துவிட்டது. பிறகு 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தைக் காட்டி முறையான கடிதம் ஒன்று அனுப்பினேன். தொழிலாகச் செய்பவர் எந்தச் சேவையையும் தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மறுபடி செய்து தரவோ விலையைக் குறைக்கவோ கேட்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பதினான்கு நாளில் பதில் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம் போவேன் என்றும் எழுதினேன். பன்னிரண்டாம் நாள் 45 பவுண்டு திரும்பி வந்தது, ஒரு வரிகூட இல்லாமல். மீதிக்காக அலைய எனக்குத் தெம்பில்லை. வாங்கிக்கொண்டு விட்டுவிட்டேன். அது சரிதானா என்று இன்றும் யோசிக்கிறேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோபத்தில் அசிட்டோன் பாட்டிலைத் திறந்துவிடாதீர்கள். அது பிளாஸ்டிக் கப்பலையும் அக்ரிலிக்கையும் கரைத்துவிடும், வண்ணத்தையும் தின்றுவிடும். சூப்பர் க்ளூ குளிரில் நொறுங்கும் தன்மை உடையது. கப்பலை ஒரு பையில் கட்டி இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்துவிட்டு, காலையில் எடுத்தவுடன் கம்பியை மெல்லத் திருகினேன். ஏழில் ஐந்து 'டக்' என்று கழன்று வந்தன. பிறகு உண்மையான பித்தளைக் கம்பியை வாங்கி, நுனியை அரத்தால் சொரசொரப்பாக்கி, எபாக்ஸியில் தோய்த்துச் செருகினேன். சின்ன மூலைமட்டத்தை வைத்து நேராக நிறுத்தி ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டேன். ஐந்தும் இப்போது நேராக நிற்கின்றன. அவருக்குக் கொடுத்த காசில் பாதிகூட ஆகவில்லை.

அவருடைய பழைய கணக்கு இப்போது இல்லை. ஆனால் போன வாரம் வேறொரு பெயரில் புது விளம்பரம் ஒன்று வந்திருக்கிறது. அதே பச்சை நிற வெட்டுப் பலகை, அதே வாசகங்கள், "நண்பர்கள் வழியாக அனுப்பினால் தள்ளுபடி" என்ற அதே வரி. அதில் இருக்கும் மூன்றாவது படம் என்னுடைய கப்பல். கோபுரத்தில் ஒன்பது ஜன்னல்களும் இருக்கின்றன. டிரில்லைத் தொடுவதற்கு முன் எடுத்த படம். அவர் செய்த வேலையின் மாதிரி என்று கீழே போட்டிருக்கிறார்.