ரிங் ஓரத்தில் படம் எடுக்க அட்டை விற்கிறார்கள்: பணம் கட்டாதீர்கள்

வடசென்னையில் கேமராவும் கையுமாகத் திரியும் தம்பி, தங்கைகளின் கவனத்துக்கு. தொழில்முறைக் குத்துச்சண்டை இரவுகளுக்கு ‘ரிங் ஓரப் புகைப்பட அட்டை’ என்ற ஒன்றை ஓர் ஆள் வாட்ஸ்அப்பில் விற்றுவருகிறார். அட்டைக்கு ரூ.6,500. லென்ஸையும் அவரே வாடகைக்குத் தருவார். அதற்கு முன்பணம் ரூ.10,000. கல்மண்டபம் பக்கம் ஒரு மாடி அறையில் வைத்து என்னிடம் இரண்டையும் கொடுத்தார். “கயிற்றை ஒட்டியே உட்காரலாம் அண்ணா, வியர்வை உங்கள் லென்ஸில் தெறிக்கும்” என்றார்.

வியர்வையாவது, தெறிப்பதாவது! வாசலில் நின்ற பாதுகாவலர் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கடைசி வரிசை நாற்காலிகளைக் கைகாட்டினார். அட்டையில் இருக்கை எண் இல்லை, ஏற்பாட்டாளரின் முத்திரை இல்லை, என் பெயரும் இல்லை. ரிங்கை ஒட்டி இருந்தவர்கள் எல்லோரும் ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெயர் பதிந்த பத்திரிகைப் படக்காரர்கள். வாட்ஸ்அப்பில் காசு கொடுத்து வாங்குகிற இடம் இல்லை அது. விற்றவருக்கு போன் செய்தால் அணைத்து வைத்திருந்தார்.

பின்வரிசையில் உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு: ரிங்கைச் சுற்றி நான்கு கயிறுகள். தூரத்திலிருந்து பார்த்தால் அவற்றில் ஒன்று வீரரின் கண்ணை மறைத்துக்கொண்டே இருக்கும். ஆட்டோஃபோகஸ் முகத்தை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் இருப்பவரோ அடிக்கயிற்றுக்குக் கீழே கேமராவை நுழைத்துவிடுவார். அங்கேயும் எந்தப் பக்கம் என்பது முக்கியம். 1965இல் விழுந்து கிடக்கும் எதிராளி லிஸ்டன் முன் முகமது அலி கர்ஜித்து நிற்கும் படத்தை எடுத்தவர் நீல் லீஃபர். அதே படத்தில் அலியின் கால்களுக்கு நடுவே இன்னொரு படக்காரர் தெரிகிறார்: ஹெர்ப் ஷார்ஃப்மன். அனுபவசாலிதான், ஆனால் அவருக்கு அந்த நொடியில் கிடைத்தது அலியின் முதுகு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் வாடகைக்குத் தள்ளிவிடுவது தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 70-200 மி.மீ. லென்ஸ். உண்மையிலேயே கயிற்றோரம் உட்காருபவருக்குப் பெரும்பாலும் வேண்டியது கிட்டத்தில் இருப்பதை அகலமாக எடுக்கும் 24-70தான். ஆறேழு மீட்டர் அகல மேடையில் இருவரும் பக்கத்தில் வந்து மோதும்போது 200க்கு என்ன வேலை? ரிங் ஓரத்தில் இடம் என்று சொல்லிக்கொண்டே தூரத்துக்கான லென்ஸை ஒருவர் கட்டாயப்படுத்தினால், உங்களை எங்கே உட்காரவைக்கப் போகிறார் என்பது அவருக்கு முன்பே தெரியும்.

அந்த லென்ஸின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். அறையின் மங்கிய வெளிச்சத்தில் பளபளவென்றுதான் இருந்தது. அரங்கில் போன் டார்ச்சைப் பின்பக்கம் வைத்து முன்பக்கமாகப் பார்த்தபோது உள்கண்ணாடியின் விளிம்பில் வெண்மையான பூஞ்சை இழைகள் கிளைவிட்டிருந்தன. கடற்கரைக் காற்றின் ஈரத்தில் பூட்டிவைத்த லென்ஸுக்கு வரும் நோய். மேடைக்கு மேலிருந்த விளக்குகள் ஒவ்வொன்றும் பாலாடை படர்ந்ததுபோல் படம் முழுக்கப் பரவின. “இதில் ஸ்டெபிலைசர் இருக்கிறது, எந்தக் குத்தும் தப்பாது” என்று வேறு சொல்லியிருந்தார். அது நம் கை நடுக்கத்தைத் தாங்குமே தவிர, பாயும் கையுறையை நிறுத்தாது. அதற்கு ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 6400 வரைகூட ஏற்ற வேண்டியிருக்கும்.

லென்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது விளிம்பில் ஒரு கீறலைக் காட்டி முன்பணத்தில் ரூ.4,000 பிடித்துக்கொண்டார். கீறல் முதலிலேயே இருந்தது. ஆனால் அவர் தந்த ரசீதில் லென்ஸின் வரிசை எண்ணும் இல்லை, அதன் நிலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வாடகைக்கு எதை எடுத்தாலும் கடைக்காரர் முன்னாலேயே எல்லாப் பக்கமும் வீடியோ எடுத்து, அங்கேயே அவருக்கு அனுப்பிவிடுங்கள். முகம் சுளித்தால் படியிறங்கிவிடுங்கள்.

இவர் குறிவைப்பது வியாசர்பாடி, காசிமேடு, புளியந்தோப்புப் பிள்ளைகளைத்தான். பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை பேசிய தெருக்கள். 1980இல் அலியே சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் இறங்கிய கதையைத் தாத்தாக்கள் இன்னும் சொல்கிறார்கள். அந்த ஆசை இவருக்கு முதலீடு. பழக வேண்டுமென்றால் பக்கத்துப் பயிற்சிக்கூடத்தில் மாஸ்டரிடம் கேளுங்கள். எடுத்த படங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் பெரும்பாலும் சந்தோஷமாக அனுமதிப்பார்கள்.

ஏற்கெனவே இணையவழியில் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே அழையுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிவிடும். வாடகை, முன்பணத் தகராறுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. நான் இரண்டிலும் பதிந்திருக்கிறேன்.

அவர் இப்போது வேறு எண்ணிலிருந்து கபடிக்கும் அட்டை விற்கிறார். அட்டையை மாட்டும் கழுத்துப் பட்டை நீலத்திலிருந்து சிவப்பாகியிருக்கிறது, விலையில் ரூ.500 ஏறியிருக்கிறது.